எந்த மொழியில், யார் பெயரோடு? திருகோணமலை மாணவ ஊடகவியலாளர் முன்னுள்ள தெரிவுகள்

நிலாவெளி வீதியில், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் ஒரு கற்கைநெறியாகவே இருக்கிறது. பாடசாலைகளில் ஊடகக் கழகம் என்று ஒன்று நடக்கிறது. கிண்ணியா, மூதூர் பக்கம் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் முகநூலில் ஒரு பக்கம் திறந்து ஊர்ச் செய்தி போடுகிறார்கள். இவர்களில் சிலர், வெளியிடுவதற்கு முன் எழுதியதை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வரும். தமிழில் போடுவதா, ஆங்கிலத்திலா? சிங்களத்திலும் போட வேண்டுமா? அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுவதா, திருத்துவதா? பெயர் போடலாமா? படம் போடலாமா?

முதல் மூன்றையும் மொழிக் கேள்வி என்றும் மற்ற இரண்டையும் அறக் கேள்வி என்றும் பிரித்து வைத்துக்கொள்வது வழக்கம். பாடத்திட்டத்திலும் அப்படித்தான் வேறு வேறு அலகுகளாக வரும். மூன்று சமூகமும் நெருங்கி வாழும் ஒரு மாவட்டத்தில் அந்தப் பிரிப்பு நிற்காது. எந்தத் தெரிவையும் நான் ஒரே கேள்வியால்தான் அளந்து பார்க்கிறேன்: யாரைப் பற்றி எழுதுகிறோமோ, அவர் இதை வாசித்துப் பதில் சொல்ல வழி இருக்கிறதா? இந்தக் கட்டுரையில் வரும் ஒப்பீடுகள் எல்லாவற்றுக்கும் அளவுகோல் அதுதான்.

தமிழ், ஆங்கிலம், சிங்களம்

ஒரு கற்பனைச் செய்தியை வைத்துப் பார்ப்போம். முதலாம் வருட மாணவர் ஒருவர் தனக்கு நடந்த பகிடிவதையைச் சொல்கிறார். வதைத்தவர்களில் தமிழ் பேசுபவரும் உண்டு, சிங்களம் பேசுபவரும் உண்டு. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆகவே செய்தி பெறுமதியானது, ஆபத்தானதும்கூட. ஐந்தாறு பேர் நடத்தும் ஒரு மாணவப் பத்திரிகை இதை எந்த மொழியில் வெளியிடுவது?

தமிழில் மட்டும் போடுவது எல்லாவற்றிலும் சுலபம். சொன்னவர் வாசிப்பார், சம்பூரிலோ தம்பலகாமத்திலோ இருக்கும் அவருடைய பெற்றோரும் வாசிப்பார்கள். எழுதுபவரின் கை கூசாது. சிக்கல் வெளியிட்ட மறுநாள் தொடங்கும். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் சிங்களம் பேசும் மாணவருக்கு அந்தச் செய்தி ஒரு ஸ்கிரீன்ஷொட்டாகவும், யாரோ ஒரு நண்பர் வாய்மொழியாகச் சொன்ன அரைகுறைச் சுருக்கமாகவும்தான் போய்ச் சேரும். ‘தமிழ்ப் பெடியள் எங்களைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார்கள்’ என்பதுதான் அவர் அறியும் செய்தி. வதைத்தவர்களில் தமிழரும் இருந்தார்கள் என்ற முக்கியமான வரி அவரிடம் போகாது. பகிடிவதைச் செய்தி ஒரே இரவில் இனச் செய்தியாகிவிடும். எழுதியவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார்.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவதில் மாணவர்களுக்கு ஒரு தனி ஆசை. காரணம் விளங்குகிறது. கொழும்பில் இருப்பவர்கள் வாசிப்பார்கள், வேலை விண்ணப்பத்தில் காட்டலாம், நிர்வாகமும் ஆங்கிலத்தில் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். இவற்றையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஆங்கிலம் என்றால் நடுநிலை, இரண்டு பக்கத்துக்கும் பொது’ என்ற வாதத்தை நான் நம்புவதில்லை. நடைமுறையில் அது இரண்டு பக்கத்துக்கும் எட்டாத மொழி. வதைபட்டவரின் தாயும் வாசிக்க மாட்டார், வதைத்தவரின் தாயும் வாசிக்க மாட்டார்.

ஆங்கிலம் பொருந்துகிற செய்திகளும் இருக்கின்றன. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட 99 தாங்கிகள். 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைப்படி 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன. அந்தக் கூட்டில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, பதில் சொல்ல வேண்டியவர்களும் ஆங்கிலம் வாசிப்பவர்கள். இப்படியான செய்தியை ஆங்கிலத்தில் எழுதுவது நியாயம். எழுதிவிட்டுச் சீனக்குடாவில் குடியிருப்பவர் வாசிக்கத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் போட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது வழி, தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிடுவது. கேட்க அழகாக இருக்கும். அரசியலமைப்பே இரண்டையும் அரச கரும மொழி என்கிறதே, நாம் ஏன் செய்யக்கூடாது என்று சிலர் உற்சாகமாகத் தொடங்குவார்கள். ஒரு செமஸ்டர் தாண்டாது. இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவர் குழுவில் ஒருவர்தான் இருப்பார், எல்லாச் சுமையும் அவர் தலையில் விழும். பரீட்சை வந்தால் அவர் விலகுவார், பத்திரிகையும் நின்றுபோகும். சரி, மொழிபெயர்க்க இப்போதுதான் இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். தமிழும் சிங்களமும் வாக்கிய அமைப்பில் நெருக்கமானவை, எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை இரண்டிலும் ஒன்று. ஆகவே இயந்திரம் தரும் சிங்களம் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆபத்தும் அங்கேதான். சந்தேகநபர் குற்றவாளியாகியிருந்தாலோ, ‘என்று கூறப்படுகிறது’ என்பது உதிர்ந்துபோயிருந்தாலோ, சிங்களம் வாசிக்கத் தெரியாத ஆசிரியர் குழுவுக்கு அது தெரிய வழியில்லை. தன்னால் வாசிக்க முடியாத ஒரு பக்கத்துக்குத் தன் பத்திரிகையின் பெயரைக் கொடுப்பது பெரிய துணிச்சல்.

மொழி தெரியாதவர்கள் வாசித்து ஒருவரின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட கதை தூரத்தில் இல்லை. மன்னாரைச் சேர்ந்த ஓர் இளம் கவிஞர், தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். தீவிரவாதத்துக்கு எதிராகப் பேசிய வரிகளையும் கொண்ட தொகுப்பு அது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் வழக்கிலிருந்து விடுதலை. அவரை வாசித்தவர்கள் பிழையாக வாசித்தார்கள். நாம் இன்னொருவர் சொன்னதைப் பிழையாக மொழிபெயர்த்தால் அதே வேலையை மறுபக்கத்திலிருந்து செய்கிறோம்.

நான்காவது வழி, தமிழில் முழுச் செய்தி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஏழெட்டு வரிச் சுருக்கம். சிறிய குழுவுக்கு என் தெரிவு இதுதான். ஏழெட்டு வரியை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கலாம், அவரும் முகம் சுளிக்க மாட்டார். இதிலும் ஒரு பொறி உண்டு. சுருக்கும்போது குற்றச்சாட்டு தங்கும், மறுப்பு உதிரும். ‘சிரேஷ்ட மாணவர்கள் அடித்தார்கள்’ என்பது சிங்களச் சுருக்கத்தில் வரும், அவர்கள் தரப்பில் சொன்ன பதில் தமிழ் முழுச் செய்தியின் ஒன்பதாம் பந்தியில் கிடக்கும். ஆகவே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: யார் மீது குற்றஞ்சாட்டுகிறோமோ அவருடைய பதில், அவர் வாசிக்கும் மொழியின் சுருக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் வேறு வரியை வெட்டலாம். குற்றச்சாட்டு கடுமையானதாக இருந்தால் அந்த ஒரு செய்தியை மட்டும் முழுமையாக மொழிபெயர்த்து, வெளியிடுவதற்கு முன்பே அவரிடம் கொடுத்துப் பதில் கேட்க வேண்டும். நாள் பிடிக்கும். பிடிக்கட்டும். மாணவப் பத்திரிகைக்கு மற்றவரை முந்த வேண்டிய அவசரம் என்ன இருக்கிறது?

நிர்வாகத்திடம் கேட்பதென்றால் மொழி விடயத்தில் தயங்கத் தேவையில்லை. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் கடிதம் எழுதலாம், தமிழில் பதில் எதிர்பார்க்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பொலிஸ் நிலையம் வேறு கதை. தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, சொன்னவர் வாசிக்காமலே கையெழுத்து வைப்பது கிழக்கில் பழைய குறை. பொலிஸ் நிலையங்களில் தமிழ் பேசும் உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று, போர் முடிந்தபின் அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011 இல் சொல்லியாயிற்று. ஆகவே ‘பொலிஸ் முறைப்பாட்டில் இப்படி இருக்கிறது’ என்று எழுதும் முன், முறைப்பாடு செய்தவரிடம் அதைத் தமிழில் வாசித்துக் காட்டி, நீங்கள் சொன்னது இதுதானா என்று கேளுங்கள்.

மேற்கோளுக்குள் யாருடைய தமிழ்?

கிண்ணியா மீனவர் ஒருவர், “எங்கட வலையெல்லாம் போயிட்டு, ஆரும் வந்து பாக்கல்ல” என்கிறார் என்று வைப்போம். பத்திரிகையில் அது, “எமது வலைகள் யாவும் சேதமடைந்துள்ளன. எவரும் இதுவரை பார்வையிடவில்லை” என்று வருகிறது. மீனவர் கச்சேரி உத்தியோகத்தர் போலக் கதைக்கத் தொடங்கிவிட்டார். நமது பத்திரிகைகளில் இது பல காலமாக நடக்கும் வித்தை, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மேற்கோள் குறிக்குள் இருப்பது அவர் சொன்ன சொல் என்று வாசகர் நம்புகிறார் என்றால், இது சின்னப் பொய்தான்.

அப்படியானால் பேசியபடியே போடலாமே? போடலாம். உயிர் இருக்கும். அந்த மனிதர் கண்முன் வந்து நிற்பார். ஆனால் பேச்சு வழக்கை எழுத்தில் பார்க்கும்போது, பக்கத்து ஊரானுக்கே சிரிப்பு வருவதுண்டு. முகநூலில் அந்த ஒரு வரியை வெட்டி எடுத்து நையாண்டிப் படமாக்கிவிடுவார்கள். வலை போனவரின் துயரம் கேலியாக முடியும். இன்னொரு அநியாயமும் இருக்கிறது. பிரதேச செயலாளரும் பேட்டியில், “அந்த ஃபைல் இன்னும் வரல்ல தம்பி” என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பேச்சை மட்டும், “குறித்த கோவை இதுவரை கிடைக்கப்பெறவில்லை” என்று துவைத்து இஸ்திரி போட்டு, மீனவர் பேச்சைக் கசங்கியபடியே விடுவது பாரபட்சம். ஒன்று இரண்டு பேரையும் பேசியபடி விடுங்கள், அல்லது இரண்டு பேரையும் எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள்.

என் யோசனை: மேற்கோளைக் குறையுங்கள். மீனவர்களின் வலைகள் அழிந்துவிட்டன, அதிகாரிகள் வந்து பார்க்கவில்லை என்று அவர் கூறினார் என நமது சொல்லில் எழுதினால் பொய்யும் இல்லை, கேலிக்கும் இடமில்லை. அவர் சொல்லிலேயே ஒரு கூர்மை இருக்குமானால், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பேசியபடியே வையுங்கள். வைக்கும் முன் போனில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முழுச் செய்தியையும் காட்டத் தேவையில்லை, காட்டினால் அதிகாரிகள் தங்களுக்குப் பிடிக்காததை எல்லாம் வெட்டச் சொல்வார்கள். அவரவர் சொன்னதை மட்டும் அவரவருக்கு வாசிப்பது போதும்.

சிங்களத்தில் பேசியவரின் சொல்லை தமிழ் மேற்கோளுக்குள் போடும்போது, ‘சிங்களத்தில் கூறினார்’ என்று இரண்டு சொல் சேர்த்தால் நேர்மை காப்பாற்றப்படும். முஸ்லிம் வீட்டு மரணச் செய்தியில் ‘ஜனாஸா’ என்று எழுத யோசிக்கவே வேண்டாம், அது எங்கள் ஊர்த் தமிழ். 2020 இல் கோவிட் உடல்களைக் கட்டாயமாக எரித்த காலத்தில் அந்தச் சொல்லின் கனத்தை எல்லோரும் அறிந்தார்கள்.

இன்னொரு சொல் விடயத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பிள்ளைகளைத் தேடும் தாய்மார் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். அரச அலுவலகத்தின் பெயரில் ‘காணாமற்போன ஆட்கள்’ என்று இருக்கிறது. எதை எழுதினால் பக்கச்சார்பு என்ற பழி வராது? வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று, 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமாகவும் ஆக்கியிருக்கிறது. நாடாளுமன்றமே சட்டமாக்கிய சொல்லை எழுதுவதற்கு ஏன் பயப்பட வேண்டும்? படையினர் கொண்டுபோனதைக் குடும்பம் நேரில் கண்ட சம்பவத்துக்கு அந்தச் சொல்தான் பொருந்தும். கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்கு அது பொருந்தாது. நடந்தது என்ன என்பதைப் பார்த்துச் சொல்லைத் தெரிவு செய்தால் கட்சி பார்க்கத் தேவை வராது.

பெயர்

பகிடிவதைக்குத் திரும்புவோம். சொன்னவரின் பெயரைப் போடுவதா, மாற்றுப் பெயர் கொடுப்பதா, பெயரே இல்லாமல் எழுதுவதா?

உண்மைப் பெயரோடு வரும் செய்திக்கு வலு அதிகம். ஆனால் எழுதுபவர் வீட்டுக்குப் போய்விடுவார், சொன்னவர் அன்றிரவும் அதே விடுதியில்தான் படுக்க வேண்டும். ‘பரவாயில்லை, போடுங்கள்’ என்று கோபத்தில் சொல்பவரிடம் மறுநாள் காலையும் ஒருமுறை கேட்பது நல்லது. பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோரையும் கேட்க வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் விடயத்தில் தெரிவு என்ற பேச்சே இல்லை. அவரை அடையாளம் காட்டி எழுதுவது 1995 இன் திருத்தத்துக்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். முகநூல் பக்கங்களில் இதைத் தெரியாமல் செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மாற்றுப் பெயரைத்தான் மாணவர்கள் அதிகம் விரும்புகிறார்கள். கதை ஓட்டம் தடைப்படாது, வாசகருக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருக்கும். எனக்கு இதில் உடன்பாடு குறைவு. இலங்கையில் பெயர் என்பது பெயரோடு நிற்பதில்லை. கவிதா என்றால் ஒன்று, பாத்திமா என்றால் ஒன்று, நிலூஷா என்றால் இன்னொன்று. பெயரை மறைக்கப் போய் இனத்தையும் மதத்தையும் பறைசாற்றுகிறோம். மாற்றி வேறு இனப் பெயர் வைத்தால் அது வாசகரை ஏமாற்றுவது. போதாக்குறைக்கு, அதே பெயரில் உண்மையில் ஒரு பிள்ளை அதே வருடத்தில் படித்துக்கொண்டிருந்தால் அவள் கதி என்ன?

பெயரில்லாமல் எழுதுவதைத்தான் நான் சொல்வேன். அதற்கு வேறு கவனம் வேண்டும். ‘மன்னாரிலிருந்து வந்து பெண்கள் விடுதியில் தங்கியிருக்கும் இரண்டாம் வருட சித்த மருத்துவ மாணவி’ என்று எழுதிவிட்டுப் பெயரை மறைத்ததாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விவரத்துக்கு வளாகத்தில் ஒரே ஒருவர்தான் பொருந்தலாம். ‘குச்சவெளிப் பாடசாலை ஒன்றின் ஆங்கில ஆசிரியை’ என்பதும் அப்படித்தான். கொழும்பில் எழுதும் ஒருவருக்கு இது பெயர் மறைப்பு, திருகோணமலையில் இது முகவரி. பேச்சு வழக்கையும் இங்கே மறக்கக் கூடாது. பெயர் மறைத்தவரின் மேற்கோளில் ‘வாப்பா’ என்று ஒரு சொல்லும், மட்டக்களப்புப் பக்கத்து இழுவையும் இருந்தால் விடுதியில் இருப்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர் மறைத்தால் பேச்சையும் எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள்.

தமிழ் இந்த இடத்தில் நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. ‘அவர் சொன்னார்’ என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஒரு முழுச் செய்தியையும் பால் தெரியாமல் எழுதி முடிக்கலாம். ஆங்கிலச் சுருக்கத்துக்குப் போகும்போதும், எழுத்துச் சிங்களத்துக்குப் போகும்போதும் அந்த மறைப்பு கிழியும், அங்கே ஆண் பெண் வேறாகிவிடும். மூன்று மொழியில் வெளியிடுபவர்கள் சரிபார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தமிழில் காத்த பிள்ளையை ஏழு வரி ஆங்கிலத்தில் காட்டிக்கொடுத்துவிடுவோம்.

படம்

படத்தைப் பற்றித் திருகோணமலையில் கதைப்பவர் 2006 ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களே கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் நகரத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுதலையாகிப் போனார்கள்.

இறந்தவர் உடலைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டது அது. யாராவது ‘சவத்தின் படத்தைப் போடுவது அறமில்லை’ என்று ஒரே வரியில் விதி சொன்னால், இந்தப் படங்களை என்ன செய்வது என்று அவரிடம் கேட்பேன்.

இதோடு 2021 நவம்பர் 23 ஆம் திகதியை வைத்துப் பாருங்கள். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை முடியாமல் கிடக்க, மாற்றாக ஓடிய இழுவைப் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அப்படி ஒரு காலையில் ஒரு மாணவ நிருபரிடம் ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த ஒரு குழந்தையின் உடல் படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போடுவதா?

இரண்டு படத்திலும் இருப்பது இறந்த பிள்ளைகள்தான். 2006 இன் படம் அதிகாரம் சொன்ன கதையை உடைத்தது, அந்தப் படம் இல்லாவிட்டால் கைக்குண்டுக் கதை நின்றிருக்கும். குறிஞ்சாக்கேணியில் பிள்ளைகள் மூழ்கியதை யாரும் மறுக்கவில்லை. கேள்வி வேறு இடத்தில் இருந்தது: பாலம் ஏன் முடியவில்லை, அந்தப் பாதையை ஓட்ட யார் அனுமதித்தார்கள், உயிர்காப்பு அங்கி இருந்ததா? குழந்தையின் முகம் இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. பாதி கட்டிய பாலத்தின் தூண் சொல்லும். அதைப் படம் எடுக்கலாம். மறுக்கப்படும் ஓர் உண்மையை வேறு எதாலும் காட்ட முடியாதபோது உடலின் படம், குடும்பத்திடம் கேட்டுவிட்டு. மற்ற எல்லா நேரமும் வேண்டாம். தாய் தகப்பன் வட்ஸ்அப்பில் அந்தப் படத்தைக் கண்டுதான் மரணத்தை அறிய நேரலாம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் தமிழ் பேசும்போது

மொழிபெயர்ப்பை ஒழுங்காகச் செய்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்க 2018 விடாது. நகரத்து இந்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றிய தகராறு ஊரையே இரண்டாக்கியது. இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசியது. ஒரு பக்கத்துச் செய்தியில் கல்லூரியின் மரபு, மறுபக்கத்துச் செய்தியில் ஆசிரியையின் உரிமை. இரண்டையும் ஒரே இடத்தில் வாசிக்க விரும்பியவர் தேடி அலைய வேண்டியிருந்தது.

இப்படியான விடயத்தில் மாணவப் பத்திரிகைக்கு இரண்டு தெரிவு: ஒருவர் எழுதி, மற்றச் சமூகத்து நண்பரிடம் காட்டித் திருத்துவது, அல்லது தொடக்கத்திலிருந்தே இருவர் சேர்ந்து எழுதி இருவர் பெயரையும் போடுவது. முதலாவது வேகமானது, ஆனால் திருத்துபவர் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வார். இரண்டாவதில் சண்டை வரும். எந்த ஆசிரியையைப் பேட்டி எடுப்பது, எந்தப் பெற்றோரை விடுவது என்பதிலிருந்தே வரும். அந்தச் சண்டை வெளியிடும் முன் ஒரு மேசையில் நடப்பது மேல். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளாத வரியை வெட்டாமல், ‘இதில் எங்களுக்குள் உடன்பாடில்லை’ என்று எழுதியே வெளியிடலாம். தொழில்முறைப் பத்திரிகைகள் இதைச் செய்யத் தயங்கும். மாணவர்கள் செய்யலாம்.

பிறகு நீக்கச் சொன்னால்

எங்கே வெளியிடுவது என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. பெயர் தெரியாத முகநூல் பக்கத்தில் போட்டால் எழுதியவருக்குப் பாதுகாப்பு, எழுதப்பட்டவருக்குப் பதில் சொல்ல விலாசமே இல்லை. அது எனக்கு ஒப்பாது. கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பினால் வீச்சு அதிகம், தலைப்பு உங்கள் கையில் இல்லை. சொந்தப் பக்கத்தில், ஆசிரியர் குழுவின் பெயரோடு, தொடர்பு கொள்ள ஒரு வழியோடு போடுவது நல்லது. இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு, யார் எழுதியது, யாரிடம் சரிபார்த்தது என்ற குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பதும் அவசியமாகிவிட்டது. பெயர் மறைத்தவரின் விவரத்தை மட்டும் அந்தக் கோப்பில் வைக்க வேண்டாம், பகிர்ந்த கூகுள் டிரைவில் வைக்கவே வேண்டாம்.

பெரும்பாலான மாணவக் குழுக்கள் யோசிக்காத விடயம், சில வருடம் கழித்து வரும் தொலைபேசி அழைப்பு. முதலாம் வருடத்தில் துணிந்து பெயரோடு பேசியவர் இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கிறார், அல்லது கல்யாணம் பேசுகிறார்கள். கூகுளில் பெயரைத் தட்டினால் பகிடிவதைச் செய்திதான் முதலில் வருகிறது. எடுத்துவிடுங்கள் என்கிறார். முழுச் செய்தியையும் அழித்தால் நடந்ததற்கு இருந்த ஒரே பதிவும் போய்விடும், வதைத்தவர்களுக்குத்தான் லாபம். ‘நீங்கள்தானே அன்று சம்மதித்தீர்கள்’ என்று அப்படியே விட்டால், பத்தொன்பது வயதில் சொன்ன ஒரு ‘சரி’க்கு ஆயுள் தண்டனை கொடுத்ததாகும். செய்தியை வைத்துக்கொண்டு பெயரையும் அடையாளத்தையும் எடுத்துவிட்டு, பெயர் பின்னர் நீக்கப்பட்டது என்று அடியில் ஒரு வரி சேர்க்கலாம். வதைத்ததாகப் பெயர் வந்தவரும் அதே கோரிக்கையோடு வருவார். அவருக்கு அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. விசாரணையில் குற்றமற்றவர் என்று முடிவாகியிருந்தால், அந்த முடிவைச் செய்தியின் தலையில், செய்தி வெளிவந்த எல்லா மொழியிலும் போட வேண்டும். முடிவாகவில்லை என்றால், அவருடைய பதிலை இன்றைய திகதியோடு வாங்கி அதன் கீழே சேர்க்கலாம். தமிழ்ப் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு ஆங்கிலச் சுருக்கத்தில் மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது, தேடுபொறியில் முதலில் வருவதும் அந்த ஆங்கிலச் சுருக்கம்தான்.